மூளைக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் நுண் மூலக்கூறு: மைக்ரோ ஆர்என்ஏ ஆய்வுகள் எட்டியிருக்கும் நிலை

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய அட்டப்பாடி மலைப்பகுதியின் முக்கிய ஊர் அகளி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரும், தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்களும், மலையாளம் பேசும் குடியேறிகளும் சேர்ந்து வாழும் இப்பகுதியில் மரபணு சார்ந்த ரத்தப் பரிசோதனை என்பது புதிய செய்தி அல்ல. பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகையைக் கண்டறிய ஊர் ஊராக ரத்த மாதிரிகள் எடுக்கப்பட்டு வருகின்றன. இந்நோயை 2047-ஆம் ஆண்டுக்குள் ஒழிக்கும் இலக்குடன் தேசிய இயக்கம் ஒன்றும் 2023 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தமே முதற்கட்டப் பரிசோதனைக்குப் போதுமானது.

மூளையில் கட்டி இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் நிலைமை வேறு. நோயாளி ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூருக்கோ, முக்காலி மலைச்சாலையில் இறங்கி மண்ணார்க்காடு வழியாகப் பாலக்காடு, திருச்சூர் நகரங்களுக்கோ செல்ல வேண்டியுள்ளது. எம்ஆர்ஐ ஸ்கேன் கட்டியின் இருப்பிடத்தையும் அளவையும் காட்டும். அது எந்த வகைக் கட்டி என்பதை உறுதிசெய்ய மண்டையோட்டைத் திறந்தோ, துளையிட்டோ திசுவை எடுத்தாக வேண்டும். அந்தத் திசுவை ஆராயும் நோய்க்குறியியல் வல்லுநர்களும் மூலக்கூறு ஆய்வகங்களும் பெருநகரங்களில்தான் உள்ளன.

இந்த இடைவெளியைக் குறைக்கக்கூடிய ஒரு வழியாக விஞ்ஞானிகள் கடந்த இருபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவை மைக்ரோ ஆர்என்ஏ எனப்படும் மிகச் சிறிய மூலக்கூறுகள். இவற்றைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகிய இருவருக்கும் 2024-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூளைக் கட்டிகளை வகைப்படுத்துவதில் இந்த மூலக்கூறுகளின் பங்கு குறித்து பெங்களூரு, நவி மும்பை ஆய்வுக் குழுக்களும் குறிப்பிடத்தக்க பங்களிப்பு செய்துள்ளன.

மைக்ரோ ஆர்என்ஏ என்பது என்ன?

உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஒரே டிஎன்ஏ தொகுப்பு உள்ளது. ஆயினும் நரம்பு செல் ஒரு விதமாகவும், தசை செல் வேறு விதமாகவும் செயல்படுகின்றன. எந்த மரபணு எப்போது, எந்த அளவுக்கு வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடே இதற்குக் காரணம். மரபணுவில் உள்ள தகவல் முதலில் தூது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. பின்னர் அந்தப் படியைக் கொண்டு புரதம் தயாராகிறது. இவ்விரு படிநிலைகளுக்கும் இடையே நின்று புரத உற்பத்தியின் அளவைக் குறைப்பவை மைக்ரோ ஆர்என்ஏக்கள்.

இவை தாமே எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. ஏறத்தாழ 22 எழுத்துகள் மட்டுமே நீளம் கொண்டவை. செல்லின் உட்கருவில் முதலில் நீண்ட இழையாக உருவாகும் இவை, ட்ரோஷா என்ற நொதியால் வெட்டப்பட்டு, சுமார் 70 எழுத்துகள் கொண்ட கொண்டை ஊசி வடிவ மூலக்கூறாக மாறுகின்றன. உட்கருவை விட்டு வெளியேறியதும் டைசர் என்ற மற்றொரு நொதி இவற்றை இறுதி அளவுக்கு நறுக்குகிறது. அதன்பின் ஆர்கோனாட் என்ற புரதத்துடன் இணைந்து, தமக்குப் பொருந்தும் வரிசை கொண்ட தூது ஆர்என்ஏவைத் தேடிப் பற்றிக்கொள்கின்றன. பற்றப்பட்ட தூது ஆர்என்ஏ சிதைக்கப்படும். அல்லது அதிலிருந்து புரதம் உருவாவது தடுக்கப்படும்.

ஆம்ப்ரோஸ் குழுவினர் சுமார் 1 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப் புழுவில் லின்-4 என்ற முதல் மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டறிந்து 1993-ஆம் ஆண்டு அறிவித்தனர். அது லின்-14 என்ற மரபணுவின் செயல்பாட்டை எவ்வாறு அடக்குகிறது என்பதை ருவ்குன் குழு அதே ஆண்டில் விளக்கியது. புழுவுக்கு மட்டுமே உரிய விந்தை என்று கருதப்பட்டு இக்கண்டுபிடிப்பு பல ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2000-ஆம் ஆண்டில் ருவ்குன் குழு அறிவித்த லெட்-7 என்ற இரண்டாவது மூலக்கூறு, மனிதர் உள்ளிட்ட பல விலங்கினங்களில் மாறாமல் காணப்படுவது தெரியவந்த பிறகே துறை முழுவதும் விழித்துக்கொண்டது. மனிதரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்என்ஏக்கள் இருப்பது இப்போது அறியப்பட்டுள்ளது.

ஒரு மைக்ரோ ஆர்என்ஏ பல மரபணுக்களைக் கட்டுப்படுத்த முடியும். ஒரே மரபணுவைப் பல மைக்ரோ ஆர்என்ஏக்களும் கட்டுப்படுத்தலாம். கால்வாய் மடைகளைப் போன்ற இந்த அமைப்பில் ஒரு மடை பழுதானாலும் பல வயல்களுக்குச் செல்லும் நீரின் அளவு மாறிவிடும். புற்றுநோயில் இத்தகைய பழுதே நிகழ்கிறது.

புற்றுநோயுடன் தொடர்பு தெரியவந்தது எப்போது?

2002-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பணியாற்றிய கார்லோ குரோச்சே, ஜார்ஜ் கேலின் ஆகியோர் நாள்பட்ட நிணநீர் ரத்தப் புற்றுநோயில் மிர்-15, மிர்-16 ஆகிய இரு மைக்ரோ ஆர்என்ஏக்கள் அடிக்கடி இழக்கப்படுவதை அல்லது குறைவதைக் கண்டறிந்தனர். மைக்ரோ ஆர்என்ஏவுக்கும் மனிதப் புற்றுநோய்க்கும் இடையிலான தொடர்பு முதன்முறையாக நிறுவப்பட்டது அப்போதுதான்.

மூளைக் கட்டியில் முக்கியத் தொடக்கம் 2005-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோயின் செல்களில் மிர்-21 என்ற மூலக்கூறு இயல்பான மூளைத் திசுவைவிட மிக அதிகமாக இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட புற்றுச் செல்களில் இதை முடக்கியபோது, செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் இயல்பான வழிமுறை மீண்டும் செயல்படத் தொடங்கியது. பழுதடைந்த செல் தானாக மடிவதை மிர்-21 தடுத்து வந்தது இதன்மூலம் தெளிவானது. அதே ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்கள் மிர்-221 இக்கட்டிகளில் அதிகரித்தும், மிர்-181 குடும்பத்தைச் சேர்ந்தவை குறைந்தும் இருப்பதைப் பதிவு செய்தனர்.

கட்டியை வளர்ப்பவை, கட்டியை அடக்குபவை

மூளையிலேயே தோன்றி வளரும் தீவிரப் புற்றுநோய்களில், வயது வந்தோரிடம் மிக அதிகமாகக் காணப்படுவது கிளியோபிளாஸ்டோமா. உலக சுகாதார அமைப்பின் தரவரிசையில் இது மிகத் தீவிரமான நான்காம் தரத்தைச் சேர்ந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்து அளிக்கும் முறை 2005-ஆம் ஆண்டு வெளியான பெரும் ஆய்வின் முடிவில் நிலைபெற்றது. அந்த ஆய்வில் நோயாளிகளின் சராசரி ஆயுட்காலத்தின் இடைநிலை அளவு 12.1 மாதங்களில் இருந்து 14.6 மாதங்களாக உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தோரின் விகிதம் 10.4 சதவீதத்தில் இருந்து 26.5 சதவீதமானது. மருத்துவத் துறை இதை முன்னேற்றமாகக் கருதியபோதிலும், நோயின் கடுமையை இந்த எண்களே உணர்த்துகின்றன.

இக்கட்டியில் மாறுபடும் மைக்ரோ ஆர்என்ஏக்களை விஞ்ஞானிகள் இரு அணிகளாகப் பிரிக்கின்றனர். மிர்-21, மிர்-221, மிர்-222, மிர்-10பி ஆகியவை கட்டியின் வளர்ச்சிக்குத் துணைபோகின்றன. இவற்றுள் மிர்-10பி தனிக் கவனம் பெற்றுள்ளது. இயல்பான மூளைத் திசுவில் ஏறக்குறைய இல்லாத இந்த மூலக்கூறு, கிளியோமா வகைக் கட்டிகளில் பெருமளவு காணப்படுகிறது. ஆகவே இதைத் தாக்கும் மருந்து ஆரோக்கியமான மூளை செல்களைப் பெரிதும் பாதிக்காது என்ற எதிர்பார்ப்பு உள்ளது.

மிர்-7, மிர்-34ஏ, மிர்-124, மிர்-128, மிர்-137 ஆகியவை எதிர் அணியைச் சேர்ந்தவை. மூளையின் இயல்பான வளர்ச்சியிலும் செயல்பாட்டிலும் பங்கு வகிக்கும் இவற்றுள் பல, கட்டியில் குறைந்துவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, மிர்-7 குறைந்தால் இஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பி தங்கு தடையின்றி இயங்கத் தொடங்குகிறது. மிர்-124, மிர்-137 ஆகியவற்றைப் புற்றுத் தண்டு செல்களில் மீண்டும் சேர்த்தபோது, அவை பெருகுவதை நிறுத்தி நரம்பு செல்களைப் போல முதிர்ச்சி அடைந்ததை 2008-ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது.

மருந்துக்குக் கட்டி கட்டுப்படுமா என்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. டெமோசோலோமைடு மருந்து புற்றுச் செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தி அதைக் கொல்கிறது. எம்ஜிஎம்டி என்ற புரதம் அந்தச் சேதத்தைச் சரிசெய்து புற்றுச் செல்லைக் காப்பாற்றிவிடுகிறது. மிர்-181டி இந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைப்பதாக 2012-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. எம்ஜிஎம்டி மரபணு அடைபட்டுள்ளதா என்ற பரிசோதனை இப்போது பெரிய புற்றுநோய் மையங்களில் வழக்கமாகச் செய்யப்படுகிறது. எதிர்காலத்தில் அதற்குத் துணையாக மைக்ரோ ஆர்என்ஏ அளவும் பார்க்கப்படலாம் என்ற கருத்துக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

பெங்களூரு ஆய்வுகள்

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி ஆய்வகங்களில் ஒன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ளது. அங்கு நுண்ணுயிரியல் மற்றும் செல் உயிரியல் துறைப் பேராசிரியர் குமரவேல் சோமசுந்தரம் தலைமையிலான குழுவினர், நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் நரம்பு நோய்க்குறியியல் வல்லுநர் வாணி சந்தோஷுடன் இணைந்து இந்திய நோயாளிகளின் கட்டித் திசுக்களை ஆராய்ந்தனர்.

நோய்க்குறியியல் வல்லுநர்களுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் சிக்கல்களுள் ஒன்று, மூன்றாம் தர ஆஸ்ட்ரோசைட்டோமாவையும் நான்காம் தரக் கிளியோபிளாஸ்டோமாவையும் நுண்ணோக்கியில் மட்டும் பார்த்துப் பிரித்தறிவது. எடுக்கப்பட்ட திசு கட்டியின் தீவிரமான பகுதியில் இருந்து வராவிட்டால் தரத்தைக் குறைத்து மதிப்பிட நேரிடும். இவ்விரு வகைகளையும் பிரித்துக் காட்டக்கூடிய 23 மைக்ரோ ஆர்என்ஏக்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை இக்குழு 2010-ஆம் ஆண்டு வெளியிட்டது.

அடுத்த ஆண்டு, 222 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு, நோயாளியின் ஆயுட்காலத்தை முன்கூட்டியே கணிக்க உதவும் 10 மைக்ரோ ஆர்என்ஏக்களை அக்குழு அடையாளம் கண்டது. புற்றுநோய் மரபணுத் தொகுதிகளைத் திரட்டும் அமெரிக்கத் திட்டம் பொதுவில் வைத்திருந்த தரவுகள் இதற்குப் பயன்பட்டன. இந்தப் பத்தில் 7 மூலக்கூறுகள் அதிகரித்தால் ஆபத்து கூடுவதாகவும், மிர்-17, மிர்-20ஏ, மிர்-106ஏ ஆகிய மூன்றும் பாதுகாப்பு அளிப்பவையாகவும் தெரியவந்தன. மிர்-219 என்ற மூலக்கூறு இஜிஎஃப்ஆர் ஏற்பியை அடக்குவதையும் இதே குழு 2013-ஆம் ஆண்டு நிறுவியது.

ஒரே பெயர் கொண்ட நோயுடன் வரும் இருவரில் ஒருவர் சில மாதங்களிலும் மற்றொருவர் சில ஆண்டுகள் கழித்தும் உயிரிழப்பது ஏன் என்ற கேள்விக்கு, இத்தகைய கணிப்புகள் பதில் தேடுகின்றன. எவருக்குத் தீவிர சிகிச்சை பயன் தரும், எவருக்கு வலி நிவாரணமும் அரவணைப்புமே முதன்மை என்பதை மருத்துவரும் குடும்பத்தினரும் தெளிவாகப் பேச இவை உதவக்கூடும்.

குழந்தைகளின் கட்டிக்கு நவி மும்பையில் ஒரு பரிசோதனை

குழந்தைகளைத் தாக்கும் தீவிர மூளைப் புற்றுநோய்களில் முதன்மையானது மெடுல்லோபிளாஸ்டோமா. சிறுமூளைப் பகுதியில் தோன்றும் இக்கட்டி, மூலக்கூறு அடிப்படையில் டபிள்யூஎன்டி, எஸ்ஹெச்ஹெச், மூன்றாம் குழு, நான்காம் குழு என நான்கு வகைப்படும். டபிள்யூஎன்டி வகைக் கட்டி உள்ள குழந்தைகள் சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் நலம் பெறுகின்றனர். மூன்றாம் குழுவினருக்கு ஆபத்து அதிகம்.

இந்த வேறுபாட்டை அறிவது குழந்தையின் முழு வாழ்க்கையையும் பாதிக்கும் விஷயம். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அளிக்கப்படும் கதிர்வீச்சு, வளரும் குழந்தையின் நினைவாற்றல், கற்றல் திறன், உயர வளர்ச்சி, ஹார்மோன் சுரப்பு ஆகியவற்றில் நிரந்தரப் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும். ஆபத்து குறைந்த வகை என்று உறுதியாகத் தெரிந்தால் கதிர்வீச்சின் அளவைக் குறைக்க முடியுமா என்பதை உலகெங்கும் மருத்துவர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

நவி மும்பை கார்கரில் உள்ள டாடா நினைவு மையத்தின் உயர் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில், நீலம் ஷிர்சாத் தலைமையிலான குழு இப்பணியை மேற்கொண்டது. டபிள்யூஎன்டி வகைக் கட்டிகளில் மிர்-193ஏ, மிர்-224, மிர்-148ஏ உள்ளிட்ட சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் தனித்துவமாக அதிகரித்திருப்பதை 2010-ஆம் ஆண்டு இக்குழு அறிவித்தது. தொடர்ந்து 2013-ஆம் ஆண்டு, 12 மரபணுக்களையும் 9 மைக்ரோ ஆர்என்ஏக்களையும் அளவிட்டு நான்கு வகைகளையும் பிரித்தறியும் பிசிஆர் பரிசோதனை முறை ஒன்றை வெளியிட்டது.

இம்முறையின் சிறப்பு, ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசுக் கட்டையிலேயே இதைச் செய்யலாம் என்பதாகும். இந்தியாவின் பெரும்பாலான மருத்துவமனைகளில் திசுக்கள் இவ்வாறுதான் சேமிக்கப்படுகின்றன. உடனடியாக உறையவைத்துப் பாதுகாக்கும் வசதி சில மையங்களில் மட்டுமே உண்டு. ஃபார்மலினில் நீண்ட ஆர்என்ஏ இழைகள் துண்டு துண்டாகச் சிதைந்துவிடும். மைக்ரோ ஆர்என்ஏ இயல்பிலேயே மிகச் சிறியது என்பதால் பெருமளவு தப்பிவிடுகிறது. திருச்சூரிலோ கோயம்புத்தூரிலோ அறுவை சிகிச்சை செய்யப்பட்ட குழந்தையின் மெழுகுக் கட்டையைத் தொலைவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பியும் விடை பெற முடியும் என்பதே இதன் நடைமுறைப் பயன்.

மண்டையோட்டைத் திறக்காமல் அறிய முடியுமா?

மைக்ரோ ஆர்என்ஏக்கள் செல்லுக்குள் மட்டும் இருப்பதில்லை. ரத்தத்திலும், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள திரவத்திலும் அவை மிதக்கின்றன. எக்ஸோசோம் எனப்படும் நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள்ளோ, புரதங்களுடன் பிணைந்தோ இருப்பதால் அவை எளிதில் அழிவதில்லை. ரத்தத்தில் இவை நிலைத்திருப்பதையும் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்க வல்லவை என்பதையும் 2008-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கிளியோபிளாஸ்டோமா செல்கள் இத்தகைய பைகளை வெளியிட்டு அண்டை செல்களுக்கு ஆர்என்ஏவைக் கடத்துவதும் அதே ஆண்டில் தெரியவந்தது.

கட்டியின் இடத்தை நேரடியாகத் தொடாமல் உடல் திரவங்களில் அதன் தடயத்தைத் தேடும் இம்முறை திரவ பயாப்ஸி எனப்படுகிறது. மூளைத் தண்டில் அல்லது பேச்சு, அசைவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் பகுதிகளில் உள்ள கட்டியில் இருந்து திசு எடுப்பது ஆபத்தானது. அத்தகைய நோயாளிகளுக்கு இம்முறை பெரிதும் பயன்படும். கதிர்வீச்சுக்குப் பின் எடுக்கப்படும் ஸ்கேனில் தெரியும் மாற்றம், கட்டி மீண்டும் வளர்வதாலா, கதிர்வீச்சின் விளைவான வீக்கத்தாலா என்ற குழப்பமும் அடிக்கடி எழுகிறது. திரவ பயாப்ஸி இதற்கும் விடை தரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

இதுவரையிலான ஆய்வுகளில் தண்டுவடத் திரவமே ரத்தத்தைவிட நம்பகமான தடயங்களைத் தந்துள்ளது. மூளையில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோயில் மிர்-21, மிர்-19, மிர்-92ஏ ஆகிய மூன்றும் இத்திரவத்தில் அதிகரிப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டு காட்டினர். கிளியோபிளாஸ்டோமாவிலும், பிற உறுப்புகளில் இருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோயிலும் மிர்-10பி, மிர்-21 ஆகியவை உயர்ந்திருப்பதும், பரவிய புற்றுநோயில் மட்டும் மிர்-200 குடும்பம் காணப்படுவதும் 2012-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில் தெரியவந்தது. இளம் வயதினரிடம் காணப்படும் கரு செல் கட்டிகளில் மிர்-371 முதல் மிர்-373 வரையிலான தொகுப்பும், மிர்-302 தொகுப்பும் தெளிவான அடையாளங்களாக விளங்குகின்றன.

மருந்தாக மாற்றும் முயற்சி

சிகிச்சைக்கான அணுகுமுறை எளிமையான கணக்கை அடிப்படையாகக் கொண்டது. குறைந்துபோன நல்ல மைக்ரோ ஆர்என்ஏவைச் செயற்கையாகத் தயாரித்துச் செலுத்துவது ஒரு வழி. அதிகரித்த தீய மைக்ரோ ஆர்என்ஏவுக்கு எதிரான இழையைச் செலுத்தி அதை முடக்குவது மற்றொரு வழி. விலங்குகளில் இவ்விரு வழிகளும் மூளைக் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்துள்ளன.

மனிதரில் நடந்த சோதனைகள் எச்சரிக்கை பாடத்தையும் சேர்த்தே தந்துள்ளன. எம்ஆர்எக்ஸ்34 என்ற மருந்து, மிர்-34ஏ மூலக்கூறின் செயற்கை வடிவத்தைக் கொழுப்புத் துகளில் பொதித்துத் தயாரிக்கப்பட்டது. கல்லீரல் புற்றுநோய் உள்ளிட்ட திடக் கட்டிகள் கொண்ட நோயாளிகளுக்கு இது அளிக்கப்பட்டது. சிலரிடம் கட்டி சுருங்கியபோதிலும், நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகத் தூண்டப்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்ததால் 2016-ஆம் ஆண்டு சோதனை நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நுரையீரல் உறைப் புற்றுநோய் நோயாளிகளுக்கு மிர்-16 அடிப்படையிலான மருந்தை அளித்த முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2017-ஆம் ஆண்டு வெளியாகின. மூளைக் கட்டிக்கென அங்கீகரிக்கப்பட்ட மைக்ரோ ஆர்என்ஏ மருந்து எதுவும் இன்று சந்தையில் இல்லை.

மூளைக்கு மருந்தைக் கொண்டுசெல்வதில் கூடுதல் தடை உள்ளது. மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர்கள் பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடுவதில்லை. ரத்த மூளைத் தடுப்பு எனப்படும் இந்த அரணை ஆர்என்ஏ மருந்துகளால் தாமாகக் கடக்க இயலாது. இதற்குத் தீர்வாக நுண் தங்கத் துகள்கள், எக்ஸோசோம்கள், குவிக்கப்பட்ட மீயொலி ஆகியவை ஆராயப்படுகின்றன. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழுவினர், தங்கத் துகள்களின் மேல் சிறு குறுக்கீட்டு ஆர்என்ஏ இழைகளைப் பொருத்திய மருந்தை 8 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு நரம்பு வழியாகச் செலுத்தினர். பின்னர் அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டியில் அந்தத் தங்கம் சென்று சேர்ந்திருப்பது உறுதியானதாக 2021-ஆம் ஆண்டு அறிவித்தனர். அது மைக்ரோ ஆர்என்ஏவின் நெருங்கிய உறவினமான மற்றொரு ஆர்என்ஏ வகை என்றாலும், அரணைக் கடக்கும் வழி உண்டு என்பதற்கு மனிதரில் கிடைத்த சான்றாக அது கருதப்படுகிறது.

பரிசோதனைக் கூடத்தில் இருந்து மருத்துவமனைக்கு வராதது ஏன்?

இத்தனை ஆய்வுகள் இருந்தும் மைக்ரோ ஆர்என்ஏ அளவீடு மூளைக் கட்டிக்கான வழக்கமான பரிசோதனையாக இன்னும் மாறவில்லை. உலக சுகாதார அமைப்பு 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட மைய நரம்பு மண்டலக் கட்டிகளின் வகைப்பாடு, ஐடிஹெச் மரபணு மாற்றம், டெர்ட் மரபணு மாற்றம், இஜிஎஃப்ஆர் பெருக்கம் போன்ற டிஎன்ஏ அடையாளங்களையே முதன்மையாக ஏற்றுள்ளது.

ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தாதது முதல் காரணம். மாதிரி எடுக்கும் முறை, பிரித்தெடுக்கும் வேதிப்பொருள், ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் மூலக்கூறு ஆகியவை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடுகின்றன. பல ஆய்வுகளில் நோயாளிகளின் எண்ணிக்கையும் குறைவு. மிர்-21 போன்றவை மார்பகம், நுரையீரல், குடல் என பல புற்றுநோய்களிலும், சில அழற்சி நோய்களிலும்கூட உயர்கின்றன. ரத்தத்தில் அதன் அளவு கூடியிருப்பதை மட்டும் வைத்து மூளையில் கட்டி உள்ளது என்று கூற முடியாது.

மற்றொரு காரணம் அட்டப்பாடி போன்ற பகுதிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. சிவப்பணுக்களுக்குள் மிர்-16, மிர்-451 ஆகியவை ஏராளமாக உள்ளன. எடுக்கப்பட்ட ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தால் இவை வெளியேறி அளவீட்டையே திரித்துவிடும். மிர்-16 பல ஆய்வுகளில் ஒப்பீட்டு அளவுகோலாகவே பயன்படுத்தப்பட்டுள்ளது என்பதால் பிழை மேலும் பெருகும். அரிவாள் செல் நோயில் சிவப்பணுக்கள் உடலுக்குள்ளேயே தொடர்ந்து உடைகின்றன. அந்தச் சிவப்பணுக்களில் உள்ள மைக்ரோ ஆர்என்ஏக்களின் விகிதமும் இயல்பில் இருந்து வேறுபடுவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. வேறொரு மக்கள் கூட்டத்தில் சரிபார்க்கப்பட்ட ரத்தப் பரிசோதனையை இந்நோய் மிகுந்துள்ள மலைக்கிராமங்களுக்கு அப்படியே கொண்டுவந்தால் தவறான முடிவு தரும் ஆபத்து உண்டு. இங்குள்ள மக்களின் மாதிரிகளையும் உள்ளடக்கிச் சரிபார்த்த பின்னரே அத்தகைய பரிசோதனை நம்பத்தக்கதாகும்.

எடுத்த ரத்தத்தை உரிய நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து, குளிர்நிலையில் அனுப்ப வேண்டியதும் அவசியம். மலைச்சாலைப் பயணத்தில் குலுங்கி, வெப்பத்தில் பல மணி நேரம் கிடக்கும் குழாயில் சிவப்பணுக்கள் உடைவது எளிது. ஆகவே கிராம அளவிலான மாதிரி சேகரிப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அடிப்படை வசதிகள் தேவைப்படும்.

இன்றைய நிலையில் நோயாளிகள் அறிய வேண்டியவை

ஒரு துளி ரத்தத்தில் மூளைக் கட்டியைக் கண்டறிவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பி ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. மூளைக் கட்டியை உறுதிசெய்ய எம்ஆர்ஐ ஸ்கேனும் திசுப் பரிசோதனையுமே இன்றும் ஏற்கப்பட்ட முறைகள்.

காலையில் எழும்போது அதிகமாகி நாளுக்கு நாள் கூடும் தலைவலி, காரணமின்றித் தொடரும் வாந்தி, வயது வந்தவருக்கு முதன்முறையாக வரும் வலிப்பு, கை கால் ஒரு பக்கம் வலுவிழத்தல், பார்வை இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம், குணத்தில் திடீர் மாற்றம் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றுள் பெரும்பாலானவை வேறு சாதாரணக் காரணங்களாலும் வரலாம். ஆயினும் முதல் வலிப்பை மட்டும் எந்த வயதினரிடமும் அலட்சியப்படுத்தாமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும். குழந்தைகளிடம் தலையின் அளவு வேகமாகப் பெரிதாவதும், தொடர் வாந்தியும், நடக்கத் தடுமாறுவதும் முக்கிய எச்சரிக்கைகள்.

அட்டப்பாடியில் கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை செயல்படுகிறது. மேல்சிகிச்சைக்கு நோயாளிகள் பெரும்பாலும் கோயம்புத்தூர் அல்லது திருச்சூர் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். நரம்பியல் அறுவை சிகிச்சைக்கெனத் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கழகமும், பெங்களூருவில் நிம்ஹான்ஸும் உள்ளன. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் திசுக் கட்டை, கண்ணாடித் தகடுகள், அறிக்கைகள் ஆகியவற்றின் விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. பிற்காலத்தில் புதிய மூலக்கூறு பரிசோதனை நடைமுறைக்கு வந்தால், மீண்டும் அறுவை சிகிச்சை இல்லாமல் அதே கட்டையில் அதைச் செய்துபார்க்க வாய்ப்பு உண்டு.

முதல் மைக்ரோ ஆர்என்ஏ கண்டறியப்பட்டு 31 ஆண்டுகள் கழித்தே நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் படுக்கை அருகே அது வந்து சேர இன்னும் பெரிய அளவிலான, பல மருத்துவமனைகள் இணைந்த ஆய்வுகள் தேவை. அவற்றில் பெருநகர நோயாளிகளுடன் அகளி போன்ற எல்லைப்புற ஊர்களின் மக்களும் சேர்க்கப்பட்டால்தான், உருவாகும் பரிசோதனை அவர்களுக்கும் சரியான விடையைத் தரும்.